தொட்டில் கயிற்றில் ஒரு பெட்டி

ஊருக்கெல்லாம் காது கிழிய மைக் செட் போடுகிறவன் காது கேளாத பெண்ணைக் கட்டினால் ஊர் சும்மா இருக்குமா? வில்லுக்குறிப் பக்கத்தில் ஆன்ஸ்லினின் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த ஒருத்தர்கூட அதைச் சொல்லிச் சிரிக்காமல் பாயசம் குடிக்கவில்லை. "பய அவனுக்க சத்தத்துக்கு ஏத்த பெண்ணாத்தான் தேடிப் பிடிச்சிருக்கான்" என்றார்கள். ஆன்ஸ்லினும் கூடச் சேர்ந்து சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வது? முறைத்துக்கொண்டால் அடுத்த கோயில் கொடை விழாவுக்கு வேறு செட்டைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

ஆனால் அவன் ராகேலைத் தேடிப் போகவில்லை. ஒரு சபையின் அசன விருந்தில், ஆள் பக்கத்தில் நிற்க முடியாத அளவுக்கு முழங்கிக்கொண்டிருந்த ஸ்பீக்கர் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி நின்றிருந்தாள் அவள். பாட்டு முடிந்ததும் கையை எடுத்துவிட்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் காது போனவள் என்று பிறகுதான் தெரிந்தது. ஆன்ஸ்லின் நேரே அக்காவிடம் போய் நின்றான். "ஊரெல்லாம் சத்தத்தைக் குறைலே, குறைலேன்னுதான் சொல்லுது. எனக்க செட்டைத் தொட்டு ரசிச்சவ இவ ஒருத்திதான் அக்கா" என்றான்.

அக்கா எமிலெட்தான் அவனுக்கு எல்லாம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனை ஆளாக்கியவள். மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் பல வருஷம் வேலை பார்த்துத் தம்பிக்கு முதல் ஆம்ப்ளிஃபயர் வாங்கிக் கொடுத்தவள். கட்டினவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார்; பிள்ளையும் இல்லை. இப்போது ஒரே காம்பவுண்டில் அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரு கதவு இருக்கிறது, அதைப் பூட்டிய நாள் கிடையாது. தம்பி பெண்டாட்டியை அவளுக்குப் பிடிக்கும். ஆனால் காது கேளாதவளிடம் பேசுவதென்றால் இன்னும் கத்திப் பேச வேண்டும் என்பதுதான் எமிலெட் கண்ட வழி. கையால் பேசக் கற்றுக்கொள் என்று தம்பி சொன்னால், "எனக்கு இந்த வயசில கையும் காலும் ஆட்ட முடியாதுலே" என்பாள். ராகேல் அவள் உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வாள், மீதியை முகத்தைப் பார்த்து ஊகிப்பாள்.

அப்படியே காலம் ஓடியிருக்கும். பெனின் பிறந்தான். அவன் அழுதால் ராகேலுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வியும் கூடவே பிறந்தது.

ராத்திரியில் கவலை இல்லை. ராகேல் பிள்ளையின் நெஞ்சில் கை வைத்துத்தான் படுப்பாள். அவன் சிணுங்கினால் கைக்குத் தெரிந்துவிடும். பகல்தான் சிக்கல். ஆன்ஸ்லின் செட்டோடு ஊர் ஊராகப் போய்விடுவான். ராகேல் வீட்டில் தையல் வேலை செய்கிறவள். தொட்டில் கட்டும் கொக்கி முன்னறை உத்தரத்தில் மட்டும்தான் உண்டு. மெஷினோ வெளிச்சத்துக்காகப் பின்னறை ஜன்னலோரம் கிடந்தது. துணித் தூசி பிள்ளைக்கு ஆகாது என்று அதை முன்னறைக்குக் கொண்டுவரவும் மனசில்லை. ஒரு கை தைப்பாள், எழுந்து ஓடிப் பார்ப்பாள். இன்னொரு கை தைப்பாள், மறுபடி ஓடுவாள். ஒரு பிளவுஸின் இரண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வந்த நாளும் உண்டு. எமிலெட் மட்டும், "பிள்ளையை எனக்க கிட்ட விட்டா என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ராகேல் விடவில்லை. காது கேளாதவள் என்பதற்காகப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கொடுத்தாள், பாட்டுக் குழுவில் விட்டுக் கொடுத்தாள். இதை மட்டும் விடுவதாக இல்லை. என் பிள்ளையை நானே தூக்குவேன் என்று கையை நெஞ்சில் அறைந்து அவள் சொன்ன வேகத்தில் ஆன்ஸ்லினுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவன் ஒரு பெட்டி செய்தான். பெட்டி என்றால் சோப்பு டப்பாதான். உள்ளே ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, தீப்பெட்டி அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்; அதோடு ஒரு குட்டி மைக். ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பழகினான். தொட்டில் கயிற்றில் அதைக் கட்டினான். பழைய வாட்ச் பட்டையில் இன்னொரு போர்டை வைத்து ராகேலின் மணிக்கட்டில் கட்டினான். இடி இடித்தாலும் ஹாரன் அடித்தாலும் பெட்டி அசையாது. விடாமல் அழுகிற சத்தம் கேட்டால் மட்டும் கைப்பட்டிக்குச் சொல்லும், கைப்பட்டி துடிக்கும்.

முதல் தடவை அது துடித்தபோது ராகேல் பின்னறையிலிருந்து பறந்து வந்து பெனினைத் தூக்கினாள். தூக்கிவிட்டு அழுதாள். பிறகு அவனைப் படுக்க வைத்துவிட்டு மறுபடி பின்னறைக்குப் போய், மணிக்கட்டைப் பார்த்தபடி நின்றாள். பிள்ளை எப்போதடா அழுவான் என்று ஆசையோடு காத்திருந்த தாய் அந்த வட்டாரத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

பெட்டிக்குக் கரண்ட் இரண்டு வழியில் வந்தது. டிவி பக்கத்துச் சுவரில் மாட்டிய ஃபோன் சார்ஜரிலிருந்து யூஎஸ்பி வயர் ஒன்று. டப்பாவுக்குள்ளேயே ஒரு பேட்டரி. எது வேண்டுமோ அந்தப் பக்கம் தள்ள ஒரு சின்ன சுவிட்ச். கரண்ட் போனால் பேட்டரிப் பக்கம் தள்ள வேண்டும், வந்தால் திரும்பத் தள்ள வேண்டும். ராகேலுக்கு அதில் தடுமாற்றமே இல்லை. தலைக்கு மேல் ஃபேன் நின்றால் கரண்ட் போயிற்று என்று அர்த்தம். எழுந்து போய்த் தள்ளிவிட்டு வருவாள். ஆன்ஸ்லின் அதோடு கதை முடிந்தது என்று நினைத்தான். ஐப்பசி மாசத்தை அவன் மறந்துபோனான்.

இந்தப் பக்கத்து ஐப்பசியைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மத்தியானம்வரை வெயில் கொளுத்தும். சாப்பிட்டு எழுந்து பார்த்தால் மலைப்பக்கம் கறுத்துக் கிடக்கும். முதல் முழக்கம் கேட்டதும் ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தர் எழுந்து ஓடுவார். டிவி, மிக்ஸி, ஃப்ரிட்ஜ் என்று சுவரில் மாட்டியிருக்கிற எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் மறுவேலை. மஸ்கட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த டிவி ஒரே மின்னலில் புகைந்துபோனதிலிருந்து எமிலெட்டுக்கு இது ஜெபம் மாதிரி. தன் வீட்டில் பிடுங்கிவிட்டுக் கையோடு தம்பி வீட்டிலும் வந்து பிடுங்குவாள்.

அன்று ஆன்ஸ்லின் சுசீந்திரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தான். எமிலெட் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குக் குடையும் பைபிளுமாகக் கிளம்பும்போது வானம் உறுமியது. ஓடிவந்து தம்பி வீட்டுப் பிளக்குகளைப் பிடுங்கினாள். தூங்குகிற பெனினின் போர்வையைச் சரி செய்தாள். பின்னறையில் ராகேல் குனிந்து தைத்துக்கொண்டிருப்பதை எட்டிப் பார்த்துவிட்டுச் சபைக்குப் போனாள்.

ஃபேனுக்குப் பிளக் கிடையாது. அது பாட்டுக்குச் சுற்றியது. இடி ராகேலுக்குக் கேட்கவில்லை. தைக்கிறபோது மெஷினின் அதிர்வே உடம்பு முழுக்க இருக்கும், வேறு எதுவும் தெரியாது. கரண்ட் இருக்கிறது, கையில் பட்டி இருக்கிறது, பிள்ளை தூங்குகிறான் என்று நிம்மதியாகத் தைத்தாள்.

கூட்டம் முடிந்து மழையில் நனைந்து வந்த எமிலெட் கேட்டுக்குள் நுழையும்போதே அந்தச் சத்தத்தைக் கேட்டாள். அது அழுகைகூட இல்லை. அழுது அழுது தொண்டை வற்றிப்போன ஒரு கீச்சு. தொட்டிலில் பெனினின் முகம் கன்றிச் சிவந்திருந்தது. அவனை வாரி எடுத்துக்கொண்டு பின்னறைக்கு ஓடினாள். ராகேல் ஒரு கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் லேசான சிரிப்புகூட இருந்தது. அந்தச் சிரிப்பைத்தான் எமிலெட்டால் பொறுக்க முடியவில்லை.

"ஏட்டி! பெத்தவளாட்டி நீ? பிள்ளை கரைஞ்சு கரைஞ்சு உயிரு போவப் பாத்திருக்கு, நீ இங்க ஜாக்கெட் தைக்குதியா?"

ஒரு சொல்லும் ராகேலுக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள், மணிக்கட்டைப் பார்த்தாள். பட்டி சும்மா கிடந்தது.

சாயங்காலம் ஆன்ஸ்லின் வந்தபோது தொட்டில் எமிலெட்டின் வீட்டுக்குப் போயிருந்தது. "இனி பிள்ளை எனக்க வீட்டில கெடக்கட்டும்" என்றாள் எமிலெட். "ஓடி வெளையாடுத வயசு வந்த பொறவு அவ பாத்துக்கிடட்டும். அவளைக் குத்தம் சொல்லல்ல மக்கா. ஆண்டவர் அவளுக்குக் காது குடுக்கல்ல. உனக்க விளையாட்டுச் சாமானை நம்பி பிள்ளையை விட முடியுமா, நீயே சொல்லு." அக்கா கையில் பெனின் விக்கி விக்கித் தூங்கிக்கொண்டிருந்தான். ஆன்ஸ்லின் தன் வீட்டுக்கு வந்தான்.

முன்னறை வெறிச்சென்று இருந்தது. டிவி பிளக்கும் மிக்ஸி பிளக்கும் சுவரோரம் தொங்கின. அவற்றுக்கு நடுவே சார்ஜரும் பிடுங்கிக் கிடந்தது. டப்பாவின் சுவிட்ச் யூஎஸ்பிப் பக்கமே இருந்தது. ஒரு நிமிஷத்தில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஃபேனை அண்ணாந்து பார்த்தான். சவம், அது இப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

ராகேல் பின்னறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை என்னைக் கூப்பிட்டிருக்கிறான், நான் வரவில்லை என்று கையால் சொன்னாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். ஆன்ஸ்லின் அவள் கைகளைப் பிடித்து நிறுத்தி, முன்னறைக்குக் கூட்டிப்போய்ப் பிளக்கைக் காட்டினான். இது உன் தப்பு இல்லை, அக்கா பிடுங்கியிருக்கிறாள். இப்போதே போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பினான்.

ராகேல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சொல்லக் கூடாது என்றாள். ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை ஆன்ஸ்லின் எதிர்பார்க்கவில்லை. எமிலெட் மைனிக்குப் பிள்ளை இல்லை. தன் கையால்தான் இப்படி ஆயிற்று என்று தெரிந்தால் இனி பெனினைத் தொடவே பயப்படுவார்கள். அவர்களுக்கு இருப்பது அவன் ஒருத்தன்தானே என்றாள். சொல்லி முடித்துவிட்டு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். ஆன்ஸ்லின் அவளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அதற்குப் பிறகு ராகேல் பால் கொடுக்க மட்டும் நடுக் கதவைத் தாண்டிப் போனாள். கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள்.

ஊரில் யாரும் இடிக்குப் பிளக்கைப் பிடுங்காமல் இருக்கப் போவதில்லை. அப்படியென்றால் யார் எப்போது பிடுங்கினாலும் அசராத பெட்டி வேண்டும். ஆன்ஸ்லின் வந்த வேலைகளில் பாதியைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்தான். சுவிட்சைக் கழற்றி எறிந்துவிட்டு, கரண்ட் போனால் தானே மாற்றிவிடுகிற ரிலே ஒன்றை வைத்தான். சோதிக்கப் பிள்ளை இல்லை. ஃபோனில் பதிந்து வைத்திருந்த பெனினின் அழுகையை ஸ்பீக்கரில் ஓடவிட்டான். மைக் செட்டுக்காரன் வீட்டு ஸ்பீக்கர் சும்மாவா? காம்பவுண்டுச் சுவருக்கு மேல் பக்கத்து வீட்டு ஐயப்பனின் தலை எழுந்தது.

"ஏலே ஆன்ஸ்லினே, பிள்ளையை எதுக்குலே இப்பிடி கரைய விடுதிய?"

"பிள்ளை இல்ல அண்ணாச்சி, ரெக்கார்டிங்."

"அதையும் செட்டில போட்டாச்சா? வெளங்கிரும்!" தலை இறங்கியது.

ரிலே சரிப்படவில்லை. சார்ஜரைப் பிடுங்கினால் டக்கென்று பேட்டரிக்குத்தான் மாறியது. ஆனால் அந்த டக்குக்குள் கண்ணிமைக்கிற நேரம் போர்டுக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. அதற்குள் அது செத்துப் பிழைத்தது. பிழைத்த பிறகு நான் யார், கைப்பட்டி எங்கே என்று முதலிலிருந்து தேட ஆரம்பித்தது. தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஸ்பீக்கரில் பெனின் அழுது முடித்துவிட்டான். பவர் பேங்க் ஒன்றை இடையில் கோர்த்துப் பார்த்தான். அதுவும் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தது. ஒரு நொடிதானே என்று விடவும் முடியவில்லை. அந்த ஒரு நொடியை வைத்துக்கொண்டு அக்காவிடம் தொட்டிலைத் திரும்பக் கேட்க முடியுமா?

விடை கிடைத்தது பெட்டியில் இல்லை. ராகேல் பால் கொடுக்கப் போனபோது ஆன்ஸ்லினும் பின்னாலேயே போய் நின்றான். ராகேலுக்கும் எமிலெட்டுக்கும் நடுவில் இப்போது பேச்சும் இல்லை, சிரிப்பும் இல்லை. எமிலெட் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பிள்ளையை நீட்டினாள். ஆனாலும் ராகேலின் கை பிள்ளையின் முதுகுக்கும் தலைக்கும் அடியில் சரியாகப் போய்ச் சேரும்வரை எமிலெட் தன் கையை எடுக்கவில்லை. ஒரு கணம் பெனின் நாலு கையில் கிடந்தான். அதற்குப் பிறகுதான் இரண்டு கை விலகியது.

ஆன்ஸ்லின் வீட்டுக்கு ஓடினான். முதல் ஆள் போன பிறகு இரண்டாவது ஆளைக் கூப்பிடுவதுதான் தப்பு. இரண்டு பேரும் எப்போதும் பிடித்திருக்க வேண்டும். ரிலேயைப் பிடுங்கிப் போட்டான். யூஎஸ்பி வழியில் ஒரு டயோடு, பேட்டரி வழியில் ஒரு டயோடு. கரண்டை உள்ளே மட்டும் விடும், திரும்பப் போக விடாது. இரண்டும் ஒரே இடத்தில் போர்டுக்குள் சேர்ந்தன. சார்ஜர் இருக்கும்வரை அதன் அழுத்தம் அதிகம் என்பதால் பேட்டரி சும்மா காத்திருக்கும். சார்ஜர் விலகினால் பேட்டரி ஏற்கெனவே கையை நீட்டியபடி நிற்கும். போதாததற்குக் கொஞ்சம் கரண்டைத் தேக்கி வைக்கிற ஒரு கண்டன்சரையும் பற்றவைத்தான். பிளக்கைப் பிடுங்கினான். போர்டில் எரிந்த பச்சை விளக்கு அணையவில்லை. மாட்டினான், பிடுங்கினான், மாட்டினான். ராகேல் கைப்பட்டியோடு பின்னறையில் நின்று ரெக்கார்டிங் அழுத ஒவ்வொரு தடவையும் கையை உயர்த்திக் காட்டினாள்.

"ஒரே ஒரு மத்தியானம் அக்கா" என்று எமிலெட்டிடம் கெஞ்சினான். "நான் வாசல்லதான் இருப்பேன். நீயும் முன்னறையிலயே இரு. அவளுக்குத் தெரியுதா இல்லியான்னு உனக்க கண்ணால பாரு." எமிலெட் தொட்டிலைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

பெனின் பழைய கொக்கியில் தூங்கினான். ராகேல் பின்னறையில் மெஷினை மிதித்தாள். ஆன்ஸ்லின் வாசலில் வயர் சுற்றிக்கொண்டிருந்தான். சாயங்காலமாகத் தானே ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிக் காட்டலாம் என்பது அவன் எண்ணம். வானம் அவனைக் கேட்டுக்கொண்டு இருக்கவில்லை. மலைப்பக்கம் உறுமியது. எமிலெட் சேலையைச் செருகிக்கொண்டு எழுந்தாள். டிவி பிளக்கைப் பிடுங்கினாள். மிக்ஸியைப் பிடுங்கினாள். சார்ஜரில் கை வைத்தாள். ஆன்ஸ்லின் வயரைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். பிடுங்கிவிட்டாள்.

அடுத்த இடி வீட்டையே உலுக்கியது. பெனின் பதறி எழுந்து வீறிட்டான். எமிலெட் திரும்புவதற்குள் பின்னறையிலிருந்து ராகேல், கழுத்தில் இஞ்சுடேப்பும் வாயில் நூலுமாக ஓடிவந்து பிள்ளையை அள்ளித் தோளில் போட்டாள்.

"ஏட்டி, தெரிஞ்சிட்டா உனக்கு!" எமிலெட்டுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கைதட்டப் போனாள். கையில் சார்ஜர் இருந்தது. அதிலிருந்து போன வயரைப் பார்த்தாள். வயர் தரையோடு போய், சுவரேறி, தொட்டில் கயிற்றில் முடிந்தது.

"லே, இது அந்தப் பெட்டிக்குப் போற வயரா?"

"ஆமா அக்கா."

"அன்னைக்கும் இங்கதான் மாட்டியிருந்ததா?"

ஆன்ஸ்லின் ராகேலைப் பார்த்தான். ராகேல் எமிலெட்டின் உதட்டைப் பார்த்திருந்தாள். வேகமாகத் தலையாட்டி, அவனைப் பார்த்து வேண்டாம் என்று கையசைத்தாள். இத்தனை வருஷத்தில் ராகேலின் கை சொன்ன எதுவும் எமிலெட்டுக்குப் புரிந்ததில்லை. இது புரிந்தது.

"அப்ப ரெண்டு பேருக்கும் தெரியும்" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "தெரிஞ்சிட்டே எனக்க வாயில வந்த பேச்சையெல்லாம் கேட்டுட்டு நின்னியளா? எனக்க கையாலயா... எனக்க இந்தக் கையாலயா மக்கா..."

ராகேல் பிள்ளையை அவளிடம் நீட்டினாள். எமிலெட் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "வேண்டாம். என்னிட்ட தராத. நான் தொட மாட்டேன்." ராகேல் விடவில்லை. இன்னும் நெருங்கி, பெனினை அவள் மார்போடு வைத்து அழுத்தினாள். பிள்ளை விழுந்துவிடுமே என்று அந்தக் கைகள் தாமாக முன்னால் வந்தன. அவை சரியாகப் பிடித்ததைப் பார்த்த பிறகு ராகேல் கையை எடுத்தாள். அப்படியே திரும்பி, பின்னறைக்குப் போய் மெஷினில் உட்கார்ந்தாள். அத்தைக்கும் பிள்ளைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு தைக்க ஆரம்பித்தாள்.

பெனின் அத்தையின் கண்ணாடியைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, அலுத்துப்போய் அவள் தோளிலேயே தூங்கினான். எமிலெட் அவனைத் தொட்டிலில் கிடத்தினாள். கிடத்திவிட்டு நகர முடியவில்லை. இரண்டு கையாலும் தொட்டில் கயிற்றைப் பிடித்து, அதில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் வரக் கூடாது என்று பல்லைக் கடித்துப் பார்த்தாள். அவ்வளவு காலமாக அடக்கியது எப்படி நிற்கும்?

பின்னறையில் மெஷின் நின்றது. ராகேல் ஓடிவந்தாள். தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். பிள்ளை நன்றாகத் தூங்கினான். குழம்பிப்போய் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி எமிலெட்டைப் பார்த்தாள்.

ஆன்ஸ்லின் ஏதோ சொல்லக் கையைத் தூக்கினான். அவள் இவன் பக்கமே திரும்பவில்லை. எமிலெட்டை இரண்டு கையாலும் இழுத்துக் கட்டிக்கொண்டாள். எமிலெட் இப்போது வாய்விட்டே அழுதாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து எமிலெட் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ராகேலின் தோளுக்கு மேலாகத் தம்பியைப் பார்த்தாள்.

"லே, இவளுக்க கை எனக்க முதுகில கெடந்து துடிக்குதே, அது என்னலே?"

"நீ கரையுததுதான் அக்கா" என்றான் ஆன்ஸ்லின்.